அடுத்த புத்தகத்தை யாரிடம் கேட்பது?

"முதல் 40 பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாட்டி வந்துவிடுவார்."

நான் வழக்கமாகப் போகும் நூலகத்தில், நுழைந்ததும் கண்ணில் படுகிற சின்ன அலமாரி ஒன்று உண்டு. 'ஊழியர்கள் பரிந்துரை' என்று மேலே எழுதி, ஏழெட்டுப் புத்தகங்களை முன்னட்டை தெரியும்படி நிறுத்தியிருப்பார்கள். அதில் ஒரு நாவலுக்குள் செருகியிருந்த சீட்டில் இந்த இரண்டு வரிகள்தான் இருந்தன. நீல மை, வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து, கீழே பெயரில்லை. அந்த நாவலை அதற்கு முன்பே இரண்டு தடவை கையிலெடுத்திருக்கிறேன். ஆரம்பமே ஆற்றையும் கரையையும் பற்றிய வர்ணனையாகப் போய்க்கொண்டிருந்ததால் இரண்டு தடவையும் திரும்ப வைத்துவிட்டேன். பின்னட்டையில் நான்கு பத்திரிகைகள் புகழ்ந்திருந்தன. இணையத்திலும் நல்ல மதிப்பெண். அதெல்லாம் என்னை அசைக்கவில்லை, இந்தச் சீட்டு அசைத்தது. 43ஆம் பக்கத்தில் பாட்டி வந்தார். மிச்சத்தை இரண்டே இரவில் முடித்தேன்.

அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் நிற்பவருக்கு வழிகாட்ட இன்று பலர் இருக்கிறார்கள். நூலகத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவரைக் கேட்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தால் அவர்கள் அடுக்கிவைத்த பரிந்துரை அலமாரியைப் பார்க்கலாம். செயலியில் நட்சத்திரங்களைப் பார்க்கலாம், 'இதைப் படித்தவர்கள் இதையும் படித்தார்கள்' என்று வருவதை எடுக்கலாம். விருதுப் பட்டியல் உண்டு, விற்பனைப் பட்டியல் உண்டு. யாரையும் கேட்காமல் அலமாரிகளுக்கு நடுவே நடந்து, கையில் பட்டதை எடுத்து வரவும் செய்யலாம். இவை எல்லாவற்றையும் நான் பல வருடங்களாகக் கலந்துகட்டிப் பயன்படுத்தி வருகிறேன். இதில் எனக்கு உறுதியாகப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகம் உங்களுக்கு ஏன் பிடித்தது என்று கேட்டுக்கொள்கிற வழி நூலக ஊழியர் மட்டும்தான். மற்ற வழிகள் எது பிடித்தது என்பதோடு நின்றுவிடும். அந்தக் காரணம் தேவைப்படாத நேரங்களும் இருக்கின்றன. அப்போது மற்ற வழிகளே சுருக்கமானவை.

மேசையில் போய்க் கேட்டால்

முதல் தடவை கேட்டபோது பதிலுக்கு எனக்கு ஒரு கேள்விதான் கிடைத்தது.

"அக்கா, நல்ல துப்பறியும் நாவல் ஏதாவது இருக்கா?"

"நிறைய இருக்கு தம்பி. கடைசியா படிச்சதுல எது பிடிச்சுது?"

சொன்னேன்.

"அதுல எது பிடிச்சுது? யார் கொலை பண்ணினாங்கன்னு கண்டுபிடிக்கிறதா, இல்ல அந்த இன்ஸ்பெக்டரா?"

யோசித்துப் பார்த்தேன். கொலை செய்தது யார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மனதில் நின்றதெல்லாம், தூக்கம் வராமல் விடியற்காலையில் உட்கார்ந்து தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொண்டிருக்கும் அந்த இன்ஸ்பெக்டர்தான். அதைச் சொன்னதும் அவர் துப்பறியும் கதை ரேக் பக்கம் போகவில்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பற்றிய மெலிந்த நாவலைக் கொண்டுவந்து தந்தார். கொலை கிடையாது, போலீஸ் கிடையாது. கூடவே ஒரு துப்பறியும் நாவலையும் வைத்தார். "இதுவும் இருக்கட்டும், நீங்க கேட்டு வந்தது இதுதானே" என்றார். இரண்டையும் படித்தேன். துப்பறியும் நாவல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் தேடிப்போனது அந்த ஆசிரியரைத்தான் என்பது படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இப்படிக் கேட்டுச் சொல்வது அவருடைய தனித் திறமை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். திறமைதான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு தொழில் மரபு இருக்கிறது. 1876இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகர நூலகர் சாமுவேல் கிரீன், நூலகர் வாசகரோடு நேரில் பேசிப் பழகி உதவ வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். புத்தகத்தைக் காவல் காப்பதே நூலகரின் வேலை என்று பலரும் நினைத்த காலம் அது. நம் நாட்டு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் பார்வை நேர் எதிர். வாசகர் புத்தகத்தைத் தேடுவது இரண்டாவது விதி. மூன்றாவதில் புத்தகம் தன் வாசகரைத் தேடுகிறது, அதற்குக் கால் கிடையாது என்பதால் யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த அக்கா ஆசிரியர் நாவலைத் தூக்கிக்கொண்டு வந்தது இந்த மூன்றாவது விதிப்படி.

1989இல் ஜாய்ஸ் சாரிக்ஸும் நான்சி பிரவுனும் எழுதிய ஒரு கையேடு, நூலக ஊழியர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பிரித்துச் சொன்னது. கதை எந்த வேகத்தில் போகிறது, பாத்திரங்கள் எப்படி, கதைப்போக்கு எப்படி, நடக்கும் களமும் சூழலும் எப்படி என்பவை அதில் முக்கியம். 'எதைப் பற்றிய புத்தகம்' என்பது இவற்றுக்குப் பிறகுதான். சியாட்டில் நூலகத்தில் பல வருடம் இருந்த நான்சி பேர்ல் இதையே இன்னும் எளிமையாக்கி நான்கு வாசல்கள் என்றார்: கதை, பாத்திரம், களம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் அகலம் வேறு வேறு. சிலருக்குக் கதை வாசல் விரியத் திறந்திருந்தால்தான் உள்ளே போக முடியும். சிலர் மொழி வாசலில் நின்றுகொண்டே நாள் முழுவதையும் கழித்துவிடுவார்கள்.

ஒரு நாள் எனக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களை எழுதிவைத்து, எதற்குள் எந்த வாசல் வழியாகப் போனேன் என்று குறித்துப் பார்த்தேன். ஏழு பாத்திரம், இரண்டு களம், ஒன்றே ஒன்று கதை. இத்தனை வருடமாக நான் பின்னட்டையில் கதைச் சுருக்கத்தைப் படித்துத்தான் புத்தகம் எடுத்துக்கொண்டிருந்தேன்! கதைச் சுருக்கத்தில் கதை இருக்கும், அந்த மனிதரோடு முந்நூறு பக்கம் உட்கார்ந்திருக்க முடியுமா என்பது இருக்காது. இந்தக் கணக்கை நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மேசையில் போய் என்ன கேட்பது என்ற தயக்கம் பாதி குறைந்துவிடும்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. கூட்டம் நிற்கும் நேரத்தில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. மேசையில் இருப்பவர் எல்லாரும் படிப்பவர்களாக இருக்க மாட்டார்கள். படிப்பவரும் எல்லா வகையும் படித்திருக்க முடியாது. அறிவியல் புனைவு தொடாதவரிடம் போய் அதைக் கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த இரண்டு பழைய பெயர்களைத்தான் சொல்வார். அதனால் நான் இப்போது முதலில் கேட்பது, "உங்களில் யார் அறிவியல் புனைவு படிப்பவர்?" என்பதைத்தான். அநேகமாக உள்ளே யாரோ ஒருவர் இருப்பார், கூப்பிட்டுவிடுவார்கள். அவர் வந்து பேசத் தொடங்கினால் நிறுத்துவதுதான் கஷ்டம்.

இன்னொரு தயக்கமும் பலருக்கு உண்டு. உடல்நலம், மனநலம், விவாகரத்து, துக்கம் பற்றியெல்லாம் புத்தகம் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? யார் என்ன படிக்கிறார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது நூலகத் தொழிலின் பழைய நெறி. சர்வதேச நூலகக் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்ட நெறிமுறையிலும் அது இருக்கிறது. உங்கள் ஒவ்வொரு தேடலையும் கணக்கில் ஏற்றிக்கொள்ளும் செயலியை விட இந்த மேசை எவ்வளவோ பாதுகாப்பானது. அப்படியும் வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டலாம். நான் ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறேன். அந்த அக்கா தாளைப் படித்துவிட்டு, எதுவும் பேசாமல் எழுந்து போய், மூன்று புத்தகங்களை அட்டை கீழே இருக்கும்படி கவிழ்த்து என் முன் வைத்தார்.

பரிந்துரை அலமாரி

இந்த அலமாரிக்கு உங்களைத் தெரியாது. மேசைக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். ஆனால் சீட்டு எழுதியவரை உங்களால் தெரிந்துகொள்ள முடியும், அதை வைத்தே நிறைய சாதிக்கலாம்.

சீட்டுகளைப் படிக்கப் பழக வேண்டும். 'அருமையான நாவல், அனைவரும் படிக்க வேண்டியது' என்ற சீட்டு எனக்கு எதையும் சொல்வதில்லை. 'இரண்டு அக்கா தங்கைகள் பதினோரு வருடம் பேசிக்கொள்ளாமல் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்' என்றால் உடனே கை போகும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, யாருக்கு ஒத்துவராது என்று சொல்லும் சீட்டு. 'முடிவு தெளிவாக இருக்க வேண்டும் என்பவர்கள் எடுக்க வேண்டாம்' என்று எழுதிய ஊழியர் அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தவர், உங்கள் நேரத்தை மதிப்பவர். அவருடைய கையெழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தடவையில் உங்கள் ருசிக்கு ஒத்துப்போகிறவர் யார், நேர் எதிரானவர் யார் என்று பிடிபட்டுவிடும். நேர் எதிரானவரும் உதவுவார். அவர் ஒரு புத்தகத்தை 'மெதுவாகப் போகிறது' என்று குறைசொன்னால் நான் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த அலமாரி செய்யும் இன்னொரு வேலையை வேறெந்த வழியாலும் செய்ய முடியவில்லை. கவிதைத் தொகுப்புக்குப் பக்கத்தில் பறவைகளைப் பற்றிய புத்தகம் நிற்கும், அதற்கடுத்து சித்திரக்கதை, அப்புறம் ஒரு மாலுமியின் தன்வரலாறு. எந்த நூற்பகுப்பு முறையும் இவற்றை ஒன்றாக நிறுத்தாது. காதல் கதை தவிர வேறொன்றும் படிக்காத ஒருவர் அந்த மாலுமியைக் கையிலெடுப்பது இங்கே மட்டும்தான் நடக்கும்.

இதையே பெரிய அளவில் செய்கிற முயற்சிகளும் உண்டு. அமெரிக்காவில் 2013இல் தொடங்கிய லைப்ரரிரீட்ஸ், மாதந்தோறும் வரப்போகும் புத்தகங்களில் பத்தைப் பொது நூலக ஊழியர்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கிறது. அவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வாக்களிப்பவர்கள். 1996 முதல் வழங்கப்படும் டப்ளின் இலக்கிய விருதுக்குப் பல நாடுகளின் நூலகங்கள்தான் நாவல்களை முன்மொழிகின்றன. ஜப்பானில் 2004இல் ஆரம்பித்த ஹொன்யா தாய்ஷோ விருதை முடிவு செய்பவர்கள் புத்தகக் கடை ஊழியர்கள். 'நாங்கள் மிகவும் விற்க விரும்பும் புத்தகம்' என்பதே அதன் முழக்கம். அந்த ஆர்வத்தில் உண்மை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கடைக்காரரின் பரிந்துரையில் போன மாதம் வந்த புத்தகத்துக்கு எப்போதும் ஒரு கூடுதல் இடம் இருக்கும். நூலக ஊழியருக்கு இருபது வருடத்துக்கு முந்தைய புத்தகமும் அச்சில் இல்லாத புத்தகமும் ஒன்றுதான், அலமாரியில் இருந்தால் போதும்.

நட்சத்திரங்களும் அல்காரிதமும்

'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்ற முறையை அமேசான் 1998இலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதன் அடிப்படை எளிமையானது. இரண்டு புத்தகங்களை ஒரே ஆட்கள் அடிக்கடி எடுத்தால் அவை ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. ஏன் நெருக்கம் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. என் இன்ஸ்பெக்டர் நாவலை எடுத்தவர்களில் பெரும்பாலோர் கொலையின் முடிச்சுக்காக எடுத்திருப்பார்கள். ஆகவே எனக்கும் முடிச்சுக் கதைகளாகவே வந்துகொண்டிருக்கும். அந்த ஆசிரியர் நாவல் ஒருநாளும் வராது.

ஆனால் முடிச்சுக்காகப் படிப்பவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. தொடர் நாவல்களில் எது முதல் பாகம், எது ஏழாவது, இதே பாணியில் இன்னும் யார் எழுதுகிறார்கள் என்பதற்கெல்லாம் செயலி நொடியில் பதில் சொல்லும். காதல் நாவல், த்ரில்லர், மிகைப்புனைவுத் தொடர் படிப்பவர்களுக்குத் தங்களுக்கு ஏன் பிடிக்கிறது என்பது நன்றாகவே தெரியும். அவர்களுக்கு வேண்டியது அதிலேயே அடுத்தது. நானும் அந்த வகையில் ஏதாவது படிக்கும்போது மேசைக்குப் போவதில்லை.

நட்சத்திரங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஐந்து பாகம் உள்ள ஒரு தொடரைப் பாருங்கள், ஐந்தாவதற்கு முதல் பாகத்தை விட அதிக மதிப்பெண் இருப்பது சகஜம். ஐந்தாவது அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. பிடிக்காதவர்கள் முதல் பாகத்திலேயே கழன்றுகொண்டார்கள், பிடித்தவர்கள் மட்டும் ஐந்தாவது வரை வந்து நட்சத்திரம் போடுகிறார்கள். சராசரிக்கும் இதே கதிதான். பாதிப் பேருக்கு உயிர், பாதிப் பேருக்கு வேப்பங்காய் என்றிருக்கும் நாவலுக்கு 3 வரும். யாரையும் பெரிதாகத் தொடாத நாவலுக்கும் அதே 3 வரும். எனக்கு முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம். அதனால் சராசரியை விட்டுவிட்டு ஒரு நட்சத்திர விமர்சனங்களைப் படிக்கிறேன். அவர்கள் கோபப்படும் விஷயம் எனக்குப் பிடித்த விஷயமாக இருந்தால் புத்தகத்தை எடுத்துவிடுவேன்.

வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் 2023இல் ஒரு சம்பவம் நடந்தது. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் ரஷ்யாவைக் களமாகக் கொண்டு எழுதிய நாவலின் அறிவிப்பு வந்ததும் நூற்றுக்கணக்கானோர் ஒரு நட்சத்திரம் போட்டார்கள். நாவல் அப்போது வெளிவரவே இல்லை, அவர்களில் யாரும் அதைப் படித்திருக்க வழியில்லை. அவர் வெளியீட்டையே நிறுத்திவைத்தார். உக்ரைன் போருக்கு நடுவே அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நட்சத்திரங்கள் புத்தகத்தைப் பற்றிச் சொன்னது எதுவும் இல்லை.

விருதுப் பட்டியல், விற்பனைப் பட்டியல் இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 1931 முதல் வரும் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் சில தலைப்புகளுக்குப் பக்கத்தில் குத்துவாள் போன்ற ஒரு குறி இருக்கும். மொத்தமாக வாங்கிக் குவித்த கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். விற்பனை என்பது விற்பனை மட்டும்தான் என்று அந்தப் பட்டியலே ஒப்புக்கொள்கிறது. விருதுகள் அப்படியல்ல, கவனமாகப் படித்த சிலரின் தீர்ப்பு. அதிலும் எனக்கு உதவுவது நெடும்பட்டியல்தான், அதாவது வென்றதை அறிவிக்கும் முன் வெளியிடும் நீண்ட முதல் பட்டியல். ஆங்கில நாவல்களுக்கான புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் 12 அல்லது 13 நாவல்கள் இருக்கும், நடுவர்கள் சண்டைபோட்டுக் காப்பாற்றிய விசித்திரமான புத்தகம் ஒன்றாவது அதில் அகப்படும். நோபல் பரிசு ஒரு புத்தகத்துக்கு அல்ல, எழுத்தாளருக்கு. அறிவிப்பு வந்த மறுநாள் 'இவருடைய எதிலிருந்து ஆரம்பிப்பது?' என்று எல்லாரும் குழம்புவார்கள். அப்போது மறுபடியும் மேசைக்குத்தான் போகிறேன். பெரிய புத்தகத்தில் தொடங்கி பாதியில் விட்டவர்களையும், சின்னதில் தொடங்கித் தொடர்ந்தவர்களையும் அங்கே பார்த்திருக்கிறார்கள்.

வகைக்கு வகை மாறும்

மொழிபெயர்ப்பு நாவல் என்றால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பேன். ஒரே நாவலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள் இருக்கும், செயலியில் பல நேரம் எல்லாம் ஒரே மதிப்பெண்ணுக்குள் கலந்து கிடக்கும். எதற்கு யார் நட்சத்திரம் போட்டார் என்று பிரிக்க முடியாது. நூலகத்தில் இரண்டு பதிப்பும் இருந்தால் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் பக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள். ஒன்றில் மனிதர்கள் பேசுவார்கள், மற்றதில் வாக்கியங்கள் நொண்டும். டப்ளின் விருதில் மொழிபெயர்ப்பு நாவல் வென்றால் 1,00,000 யூரோவில் 25,000 மொழிபெயர்ப்பாளருக்குப் போகிறது. மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கரில் 2016இலிருந்து பரிசுத் தொகை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. மொழிபெயர்ப்பாளர் பெயரை மனதில் வைத்துக்கொண்டு தேடுவது நல்ல பழக்கம், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊழியர்களும் உற்சாகமாகிவிடுகிறார்கள்.

கவிதைக்கு யாரும் வேண்டாம். ரேக்குக்கு முன்னால் நின்று, நடுவில் திறந்து மூன்று கவிதை படியுங்கள். ஒன்றாவது நின்றால் எடுங்கள்.

அறிவியலுக்கு முதலில் வருடத்தைப் பார்க்க வேண்டும். புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தது 2006இல். அதற்கு முந்தைய வானியல் நூல் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அதில் ஒன்பது கோள்கள்தான். மருத்துவ நூல்களில் இது ஆபத்தாகவே முடியலாம். நூலகங்களில் களையெடுத்தல் என்று ஒரு வேலை உண்டு, காலாவதியான நூல்களை அலமாரியிலிருந்து நீக்குவது. செய்பவரைக் கேட்டால் எது புதுப்பதிப்பு, எதை எழுதியவர் அந்தத் துறையைச் சேர்ந்தவர் என்று சொல்வார். சிகிச்சை பற்றி அவரிடம் கேட்கக்கூடாது, நல்ல ஊழியர் சொல்லவும் மாட்டார்.

வரலாற்று நாவலுக்கும் மேசைதான். காரணம், அவர்கள் ஜோடி சேர்ப்பார்கள். ஒரு போரைப் பற்றிய நாவலைக் கேட்டால், அதே போரைப் பற்றிய வரலாற்று நூலை வேறொரு ரேக்கிலிருந்து எடுத்துவந்து சேர்த்துத் தருவார்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி பகுப்பு முறையில் இவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. யானையைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டால், காட்டு யானை விலங்கியலில் 599இல் இருக்கும், வளர்ப்பு யானை கால்நடைகளோடு 636இல், யானை வரும் நாவல் புனைவு வரிசையில். தானாக அலைந்து எடுப்பவருக்கு இதில் ஒன்றுதான் கண்ணில் படும். அலைவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஒரு பொருளைச் சுற்றி முழுதாகப் படிக்க வேண்டும் என்றால் துணை தேவை.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டு வயது இருக்கும் ஒரு பெண்குழந்தை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "பயமா இருக்கணும். ஆனா நாய் சாகக்கூடாது." அம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "பூனை?" என்று கேட்டார். குழந்தை கொஞ்சம் யோசித்து, "பூனையும்" என்றது. "பேய் இருக்கலாமா?" "இருக்கலாம். ஆனா கடைசில நல்ல பேயா ஆகணும்." சரி என்று எழுந்துபோய் இரண்டு புத்தகங்களோடு வந்தார். ஒன்றைக் கொடுத்து, "இதுல நாய் ஒரு அத்தியாயத்துல காணாமப் போகும், திரும்பி வந்துடும், பயப்படாத" என்றார். பதிப்பாளர் போடும் '8 முதல் 10 வயது வரை' என்ற முத்திரையால் இதைச் சொல்ல முடியாது, நட்சத்திரங்களாலும் முடியாது. சிறார் பிரிவில் இருப்பவர்களுக்கு எந்தப் புத்தகம் மூலை கிழிந்து வருகிறது, எது புத்தம்புதிதாகவே திரும்புகிறது என்று தெரியும். பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். நீங்கள் கேட்காதீர்கள், குழந்தையைக் கேட்க விடுங்கள்.

தப்பாகிவிட்டால்

எந்த வழியில் எடுத்தாலும் சில புத்தகங்கள் ஒத்துவராது. கடையில் வாங்கியதைக் கொடுத்த காசுக்காகவாவது முடிக்கத் தோன்றும், நூலகப் புத்தகத்தில் அந்தப் பாரம் இல்லை. நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொல்வார். ஐம்பது பக்கம் வரை பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, வரும் எண்ணிக்கையளவு பக்கம் பார்த்தால் போதும். 70 வயதுக்காரருக்கு 30 பக்கம். இந்தக் கணக்கு தெரிந்தபிறகு எனக்குப் பழக்கமில்லாத வகைகளைத் துணிந்து எடுக்கிறேன். ஒரு தடவையில் நான்கு எடுத்தால் ஒன்று நான் நம்பும் கையெழுத்தின் சிபாரிசு, ஒன்று மேசையில் கேட்டது, ஒன்று தொடரில் அடுத்தது, மிச்சம் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது.

பிடிக்காமல் திருப்பும்போதும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். 'நல்லா இருந்துச்சு' என்பதை விட, 'இருபது பக்கத்துக்கு மேல முடியல, எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்க' என்பது அவர்களுக்கு அதிகம் உதவும். அடுத்த தடவை உங்களுக்குத் தரும் புத்தகம் அதிலிருந்துதான் வரும்.

அந்தப் பாட்டி நாவலைத் திருப்பிக் கொடுத்தபோது நானும் சொன்னேன். "அக்கா, சீட்டுல 40 பக்கம்னு போட்டிருக்கு. பாட்டி வர்றது 43ல."

"அப்படியா? எழுதினவர் இன்னிக்கு லீவு. வந்ததும் சொல்றேன்."

அடுத்த வாரம் போனபோது அந்த நாவல் மறுபடியும் அலமாரியில் நின்றது. சீட்டில் 40 என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே அதே நீல மையில் 43 என்று எழுதியிருந்தார்கள்.